சட்டைக்குள் இருந்த கோபுரம்

தபால் நிலையம், ஆக்ஸ்மியர், நார்ஃபோக்
4 மார்ச் 1956

அன்புத் தம்பி பெர்சிக்கு,

அக்கா மேபல் எழுதுவது. மழை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே என் முழங்கால் அதைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. உன் இடுப்புப் பிடிப்பு விட்டதா? நோராவுக்கு இருமல் குறைந்ததா? கனடாக் குளிரில் வெறும் தலையோடு சாரத்தில் ஏறாதே என்று போன கடிதத்தில் எழுதினேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

நம் புனித போடால்ஃப் ஆலயத்தை மூடப் போகிறார்கள். பேராயருக்கு அடுத்த படியில் இருக்கும் ஆர்ச்டீக்கனிடமிருந்து ஓலை வந்திருக்கிறது. கோபுரத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடுகிறதாம். ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் கூட வருவதில்லையாம். கட்டடத்திலும் பழமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லையாம். 1871இல் அந்நாளைய பிரபு முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டியதுதான் நம் கோபுரம் என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அதை இடித்துவிட்டு, நாம் எல்லாரும் மூன்று மைல் தள்ளியுள்ள சபையோடு சேர்ந்துகொள்ள வேண்டும். நவம்பர் கடைசியில் முடிவு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1928இல் கணப்புக்குப் புகைக்குழாய் வைப்பதற்காக நீயும் அப்பாவும் கோபுரச் சுவரைக் குடைந்தீர்கள். அந்தக் குழாயை யுத்தத்தின்போது இரும்புக்காகக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். ஓட்டையை அடைத்து வெள்ளையடித்ததில் இடம்கூடத் தெரியவில்லை. பூச்சுக்கு அடியில் பழைய வேலை ஏதாவது உன் கண்ணில் பட்டதா? எதுவானாலும் எழுது.

நீங்கள் இருவரும் சுகமாயிருக்க ஜெபிக்கும்,
மேபல்

*

ஹாமில்டன், கனடா
2 ஏப்ரல் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் கலங்கினேன். ஞானஸ்நானம் பெற்ற இடமல்லவா? இங்கே பனி இன்னும் முழுதாக உருகவில்லை. நோராவின் இருமல் போயே போய்விட்டது. இப்போது என்னை அதட்டும் சத்தம் இரண்டு வீடு தாண்டிக் கேட்கிறது. என் இடுப்பு நேராக நிற்கிறது, குனியத்தான் மறுக்கிறது. புதிய மருத்துவமனைக் கட்டட வேலையில் என்னை மேஸ்திரியாக்கிவிட்டார்கள். எனக்குக் கீழே பதினான்கு கொத்தனார்கள்.

உன் முழங்காலுக்குக் கம்பளித் துணி கட்டு. தபால் நிலையத்தின் கல் தரையில் வெகுநேரம் நிற்காதே. ஆலயத்துக்கு நல்ல முடிவு வரட்டும்.

நோராவின் அன்பையும் சேர்த்து,
பெர்சி

*

ஆக்ஸ்மியர்
15 ஏப்ரல் 1956

அன்புத் தம்பிக்கு,

மேஸ்திரியானதற்கு வாழ்த்துகள்! அப்பா இருந்திருந்தால் வெளியே சொல்லாவிட்டாலும் உள்ளே பூரித்துப்போயிருப்பார். நோரா அதட்டுகிறாள் என்றால் வீடு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் சுகமே.

நான் கேட்ட கேள்விக்கு மட்டும் உன் கடிதத்தில் பதில் இல்லை. இருபது வருஷமாகப் பிறர் கடிதங்களைத் தரம் பிரிக்கிறவள் நான். என் சொந்தக் கடிதத்தில் விட்டுப்போனது தெரியாதா?

போன வியாழனன்று ஆர்ச்டீக்கன் நேரிலேயே வந்து கூட்டம் போட்டார். கறுப்பு உடுப்பு, முழங்கால் வரை பொத்தான். நான் ஆலயக் காப்பாளர் என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"மிஸ் லார்ட்டர், பாசம் வேற, கட்டடம் வேற. இந்தக் கோபுரத்துக்கு எண்பத்தஞ்சு வயசுதான் ஆகுது. என் அத்தையை விடச் சின்னது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் கேட்டேன்: "அத்தை சுகமா இருக்காங்களா ஐயா?"

"ஆண்டவர் புண்ணியத்துல இருக்காங்க."

"அவங்களையும் இடிக்கப்போறீங்களா?"

அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் டெட் தர்ட்டில் கைதட்டினான். மதுக்கடைக்காரன்தான், ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவன் ஆலயத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஆர்ச்டீக்கன் முகம் சிவந்தது. ஆனால் பண்பான மனிதர். "பழசுன்னு சொல்ல ஆதாரம் இருந்தா காட்டுங்க, நானே உங்க பக்கம் நிக்கிறேன்" என்றார். அப்போது என் வாய் சும்மா இருந்ததா? "இருக்கு ஐயா. நவம்பருக்குள்ள காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பெர்சி, என் கையில் ஒரு ஆதாரமும் இல்லை. ஊரே கேட்கச் சொல்லிவிட்டேன். அந்தச் சுவரைப் பற்றி எழுது.

அன்புடன்,
மேபல்

*

ஹாமில்டன்
20 மே 1956

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். வேலை அதிகமானதால் தாமதம், மன்னிக்கவும். நீ கேட்டது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய வேலை. எனக்கு ஒன்றும் நினைவில்லை. சுவர் சுவராகத்தான் இருந்தது. உன் வயதில், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, ஏணி போட்டு கோபுர வளைவுக்கு மேலே வடக்கு ஓரத்தில் சுரண்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதே. தயவுசெய்து.

பெர்சி

*

ஆக்ஸ்மியர்
29 மே 1956

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

நான் ஏணி என்று எழுதவில்லை. வளைவுக்கு மேலே என்று எழுதவில்லை. வடக்கு ஓரம் என்றும் எழுதவில்லை.

காத்திருக்கிறேன்.

மேபல்

*

ஹாமில்டன்
11 ஆகஸ்ட் 1956

அன்புள்ள அக்கா,

நீ இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள்.

இரண்டரை மாதமாக எழுதினேன், கிழித்தேன். போன ஞாயிறன்று நோரா மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "இப்ப சொல்றியா, இல்ல நானே உங்க அக்காவுக்கு எழுதிக் கேக்கட்டுமா?" என்றாள். முதலில் அவளிடம் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

1928 அக்டோபர். அப்பாவுக்கு மார்ச்சளி, படுக்கையில் இருந்தார். நீதான் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். வேலை எங்கள் இருவர் பேரிலும் என்றாலும் சுவரைக் குடைய நான் தனியாகப் போனேன். பூச்சை உரித்து உளியை வைத்தேன். நாலாவது அடியில் கல் உள்ளே போய்விட்டது. பின்னால் வெற்றிடம். சுற்றிலும் பூச்சைத் தட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு வாசல் இருந்தது, அக்கா. ஆள் நுழையும் உயரம். மேலே வளைவு கிடையாது. கும்பிடுகிற இரண்டு கைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பெரிய கற்கள். இரண்டிலும் கயிறு முறுக்கியதுபோல் பின்னல் செதுக்கியிருந்தது. அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இடது பக்கக் கல் என் உளியால் மூன்றாக உடைந்து காலடியில் கிடந்தது.

இருபத்துநாலு வயது எனக்கு. நாற்பது வருஷமாக அப்பா கைவைத்த ஒரு கல் கூடச் சிதைந்தது கிடையாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பெயரை ஒரே காலையில் உடைத்துவிட்டேன் என்று தோன்றியது. துண்டுகளை உள்ளே தள்ளினேன். செங்கல் வைத்துச் சிமெண்டால் அடைத்துப் பூசினேன். குழாயை இரண்டடி தள்ளி வைத்தேன். "அந்த இடத்துல சுவர் ரொம்பக் கெட்டிப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆலயத்தில் என்னால் தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஏழு மாதத்தில் கப்பலேறிவிட்டேன். அப்பா இறந்தபோது விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். கேட்கவே இல்லை.

கோபுர வளைவின் உச்சிக் கல்லிலிருந்து மேலே ஆறடி, வடக்கே ஒன்றரை அடி. அங்கே தட்டு. சத்தம் மாறும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நோரா என்ன சொன்னாள் தெரியுமா? "இவ்வளவுதானா! ஊர்ப் பேரைக் கேட்டாலே மூஞ்சிய திருப்பிக்கிறியே, அங்க உனக்கு இன்னொரு பொண்டாட்டி இருக்கான்னுல்ல இருபத்திரண்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்!" சிரித்தாள். பிறகு என் தலையைப் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள்.

நீ சிரிப்பாயா அழுவாயா தெரியவில்லை. திட்டுவதென்றாலும் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
பெர்சி

*

ஆக்ஸ்மியர்
18 ஆகஸ்ட் 1956

அன்புத் தம்பி,

இன்று காலை தபால்பையில் உன் கடிதம் வந்தது. தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு நேரே ஆலயத்துக்குப் போனேன். டெட் தர்ட்டில் ஏணியோடு வந்தான். என்னை ஏறவிடாமல் அவனே ஏறினான், பீப்பாய் தட்டும் மரச் சுத்தியலோடு.

"இங்கயா மேபல்?" டொக். "இங்கயா?" டொக். அப்புறம் ஒன்றரை அடி தள்ளித் தட்டினான். டம் என்றது.

"மேபல்! இது காலிப் பீப்பாய் சத்தம்! என் தொழில்ல இது தப்பவே தப்பாது!" என்று ஏணியில் நின்று கத்தினான்.

பழைய ஆலயங்களை ஆராயும் கட்டடக் கலைஞர் ஒருவர் நார்விச்சில் இருக்கிறார், மிஸ் ரட்ஜ் என்று பெயர். அவருக்கு இன்றே எழுதுகிறேன். முறையான அனுமதி வாங்கித்தான் திறக்க வேண்டும்.

திட்டு எதுவும் என்னிடம் இல்லை. நன்றாகச் சாப்பிடு.

மேபல்

*

ஆக்ஸ்மியர்
23 செப்டம்பர் 1956

அன்புத் தம்பி பெர்சிக்கும் நோராவுக்கும்,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் எதுவுமில்லை, சந்தோஷத்தில் உட்காராமல் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நேற்று திறந்தோம். மிஸ் ரட்ஜ் குள்ளமான பெண்மணி, ஆண்களின் கால்சட்டை, காதில் பென்சில். சாரத்தில் அணில்போல ஏறினார். பின்னால் நானும் ஏறினேன். தடுக்க வந்த போதகரை ஒரு பார்வை பார்த்தேன், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பூச்சை உரித்ததும் செங்கல் வந்தது. "சிமெண்ட்னு சொன்னீங்களே, மெதுவாத்தான் உடைக்கணும்" என்று சொல்லி மிஸ் ரட்ஜ் ஓரத்தில் கரணையை வைத்தார். செங்கல் அப்படியே கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. அவர் சாந்தை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது சிமெண்ட் இல்ல, மிஸ் லார்ட்டர். மென்மையான சுண்ணாம்புச் சாந்து. இதை மூடுனவரு, பின்னால யாரோ சேதமில்லாமத் திறக்கணும்னே மூடியிருக்காரு."

உன் சிமெண்ட் அங்கே இல்லை, பெர்சி. யாரோ அதை எடுத்துவிட்டு மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே உடைந்த துண்டுகள் மூன்றும் இருந்தன. நீ தள்ளியபடி கிடக்கவில்லை. சாக்கில் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் நடுவே செய்தித்தாளை மடித்து வைத்து, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தியதுபோல் வரிசையாக வைத்திருந்தது. செய்தித்தாளின் தேதியைப் பார்த்தேன். 19 அக்டோபர் 1929. நீ கப்பலேறி ஐந்து மாதம் கழித்து.

அப்பாதான். வேறு யார்? உன் பூச்சு காய்ந்த நிறத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். திறந்திருக்கிறார், பார்த்திருக்கிறார், துண்டுகளைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். யாரிடமாவது சொன்னால் உடைத்தது யார் என்று கேட்பார்கள். அதனால் மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டார். உன் பெயரை அவர் காப்பாற்றினார், அவர் பெயரை நீ காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீ ஓடினாய்.

இனி நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள், எந்த வேலைக்கும் போகாத நாளில், அப்பா கையெல்லாம் சுண்ணாம்போடு வீட்டுக்கு வந்தார். கை கழுவிவிட்டுத் தேநீர் முன் உட்கார்ந்து, "பெர்சி நல்ல கொத்தன்தான். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. தப்பு என்னோடது மேபல், சின்ன வயசுல ரொம்ப அதட்டிட்டேன்" என்றார். எதைப் பற்றி என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்பாவை என் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு நீ போனாயே என்ற கோபம். பிறகு வெட்கம். இருபத்தேழு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தை உனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன். தபால்காரி செய்யக்கூடாத குற்றம் அதுதான், இல்லையா?

மன்னித்துவிடு.

மிஸ் ரட்ஜ் தரையில் இறங்கியதும் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். கோபுரத்தின் மேல் அறைக்கு ஏணி வைத்து ஏறிப் போவதற்கான அந்த வாசல் ஆயிரம் வருஷப் பழசாம். பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நார்மன் மன்னன் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன்பு கட்டியதாம்! கோபுரத்தின் மற்றச் சுவர்களையும் தட்டிப் பார்க்கப்போகிறார்.

முத்தங்களுடன்,
மேபல்

*

ஹாமில்டன்
1 அக்டோபர் 1956

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மன்னிக்க என்ன இருக்கிறது. அப்பாவின் வாக்கியம் தாமதமாக வந்தாலும் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நேற்று என் ஆட்களில் ஒருவன் விலையுயர்ந்த பளிங்குப் பலகையைக் கீழே போட்டுவிட்டு வெளிறிப்போய் நின்றான். அதட்டத்தான் வாயைத் திறந்தேன். "சரி, முதல்ல துண்டையெல்லாம் பொறுக்கு, சேர்ந்து யோசிப்போம்" என்று வந்தது.

நன்றாகத் தூங்குகிறேன் என்று நோரா உனக்கு எழுதச் சொன்னாள். நீயும் தூங்கு.

பெர்சி

*

ஆக்ஸ்மியர்
3 டிசம்பர் 1956

அன்புத் தம்பிக்கும் நோராவுக்கும்,

நாங்கள் ஜெயித்துவிட்டோம்! உடல்நலம் விசாரிப்பதைக்கூட இதற்குப் பின்னால் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன செவ்வாயன்று பேராயரின் குழு ஆலயத்திலேயே கூடியது. ஐந்து பேர். மிஸ் ரட்ஜ் பேசினார். இடித்துக் கட்டினார்கள் என்று புத்தகத்தில் இருப்பது தவறு. 1871இல் இடிக்கவே இல்லை. பழைய சுவரின் வெளிப்பக்கத்தில் சிக்கிமுக்கிக் கல்லால் புதிதாக ஓர் அடுக்கு மட்டும் எழுப்பியிருக்கிறார்கள். மூலைகளில் உட்பக்கப் பூச்சை உரித்துக் காட்டினார். ஒரு நெட்டைக் கல், ஒரு படுக்கைக் கல், மறுபடி நெட்டைக் கல் என்று அந்தப் பழங்காலத்து அடுக்கு தரையிலிருந்து மணிக்கூண்டு வரை அசையாமல் நிற்கிறது.

ஆர்ச்டீக்கன் எழுந்தார். "அப்போ அந்த வெடிப்பு?"

"அது வெளிச்சட்டை கிழிஞ்சது ஐயா. உடம்புல ஒரு கீறல் கிடையாது. சட்டையைத் தைச்சுட்டா இன்னும் ஆயிரம் வருஷம் நிக்கும்."

ஆர்ச்டீக்கன் தன் தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டுச் சாரத்தில் ஏறினார். அறுபத்தாறு வயது மனிதர். அந்த வாசலின் முன்னால் மண்டியிட்டு, பின்னல் செதுக்கிய கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். இறங்கி வந்தபோது முழங்காலெல்லாம் சுண்ணாம்பு. குழுவின் பக்கம் திரும்பி, "நான் எழுதுன அறிக்கை தப்பு. அதை நானே வாபஸ் வாங்குறேன்" என்றார். கைகள் ஐந்தும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. நான் அவர் தொப்பியைக் கசக்கிப் பிழிந்துவிட்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன்.

ஆபத்து என்று பதினோரு வருஷமாக அடிக்காமல் வைத்திருந்த ஐந்து மணிகளையும் நேற்று அடித்தோம். மூன்று ஊர்களிலிருந்து மணியடிப்பவர்கள் வந்தார்கள். வேறு சபையினரான மெதடிஸ்டுகள் தங்கள் கூடத்தைப் பூட்டிவிட்டு ஊர்வலமாக வந்தார்கள். டெட் தர்ட்டில் கடையை அடைத்துவிட்டுக் கழுத்துப்பட்டி கட்டி வந்தான். எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு என்று தெரியாமல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் விட உரக்கப் பாடினான். பெஞ்சு நிரம்பி, நடைபாதை நிரம்பி, எள் விழ இடமில்லை. ஆர்ச்டீக்கனே கடைசி வரை தூணோரம் நின்றார். போதகர் பிரசங்கத்தில் அப்பாவின் பெயரைச் சொன்னார். உன் பெயரைச் சொல்லட்டுமா என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தார். அதை அவனே சொல்வான் என்று சொல்லிவிட்டேன்.

உடைந்த கல்லைச் சேர்த்துப் பொருத்த நல்ல கொத்தனாரை மிஸ் ரட்ஜ் தேடுகிறார். சுண்ணாம்புச் சாந்து தெரிந்தவர் இல்லை, சிமெண்ட் குழைக்கிறவர்கள்தான் கிடைக்கிறார்கள் என்று புலம்புகிறார்.

உன் இடுப்பு எப்படி? நோரா சுகமா? என் முழங்கால் நேற்று முழுக்க வலிக்கவே இல்லை.

மேபல்

*

ஹாமில்டன்
12 டிசம்பர் 1956

அன்புள்ள அக்கா,

இங்கே இருவரும் பூரண சுகம். இடுப்பு குனிகிறது.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று என் ஆட்களுக்குச் சத்தமாகப் படித்தேன். இத்தாலிக்காரன், ஐரிஷ்காரன், போலந்துக்காரன் என்று பதினான்கு பேர். ரொட்டியை மெல்லாமல் கேட்டார்கள். மணியடித்த இடம் வந்ததும் சாந்துத் தட்டுகளைக் கரணையால் தட்டி ஆரவாரம் செய்தார்கள். கீழே தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பிறகு அந்தப் போலந்துக்காரன் கேட்டான்: "எல்லாம் சரி மேஸ்திரி, அந்த நல்ல கல்லை உடைச்ச கழுதை யாரு?"

"நான்தான்" என்றேன்.

பதினான்கு பேர் முன்னால், நல்ல வெளிச்சத்தில் சொன்னேன், அக்கா. பிறகு அவன் தன் தேநீர்க் குவளையை என் கையில் கொடுத்தான். "அப்போ போய்ச் சரிபண்ணிட்டு வாங்க. இங்க நாங்க பார்த்துக்கிறோம்" என்றான்.

ஏப்ரல் ஆறாம் தேதிக் கப்பலில் எங்கள் இருவருக்கும் இடம் போட்டாயிற்று. மிஸ் ரட்ஜிடம் சொல்லிவிடு: தேட வேண்டாம்.

உன் தம்பி,
பெர்சி